வொர்த் ஒன்ஸ் சால்ட்

‘வொர்த் ஒன்ஸ் சால்ட்’ என்பது, ஏற்றுக்கொண்ட வேலைக்குரிய திறமையும் பொறுப்பும் ஒருவருக்கு உண்டு என்று சொல்லும் ஆங்கில மரபுத்தொடர். பிரித்துப் பார்த்தால் ‘தன் உப்பின் விலைக்கு ஈடான’ என்று வரும். உப்பு இங்கே கூலிக்கு நிற்கிறது. வாங்குகிற கூலிக்குத் தகுந்த ஆளா என்பதுதான் இத்தொடர் கேட்கும் கேள்வி.

வாக்கியத்தில் இது பெரும்பாலும் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும். ‘எனி குக் வொர்த் ஹிஸ் சால்ட்’ என்று தொடங்கினால், அடுத்து ‘வுட்’ அல்லது ‘வில்’ வந்து, அந்தத் தொழிலில் இருப்பவர் கட்டாயம் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லி முடியும். சமையல்காரர் என்றால் பரிமாறும் முன் ருசி பார்ப்பார். நிருபர் என்றால் கேள்விப்பட்டதை விசாரிக்காமல் எழுதமாட்டார். தனி ஆள் ஒருவரைப் பற்றிய பேச்சாக இது தோன்றினாலும், உண்மையில் அந்தத் தொழிலுக்கே ஓர் அளவுகோல் வைக்கிறது. அதனால்தான் முன்னால் ‘எனி’, ‘எவ்ரி’, ‘நோ’ போன்ற சொற்கள் வருகின்றன. பெயர்ச்சொல்லும் ஏதாவது ஒரு பொறுப்பைக் குறிப்பதாக இருக்கவேண்டும். ஆசிரியர், துப்பறிவாளர், தச்சர், மாலுமி எல்லாம் பொருந்தும். பக்கத்து வீட்டுக்காரர் என்பது பொருந்தாது, அது ஒரு வேலை இல்லையே.

நடுவிலுள்ள உடைமைச்சொல் ஆளுக்கேற்ப மாறும்: ஹிஸ், ஹெர், தெயர். நிறுவனத்தையோ நாளிதழையோ சொல்லும்போது ‘இட்ஸ்’. எத்தனை பேரைப் பற்றிப் பேசினாலும் ‘சால்ட்’ பன்மை ஆகாது. தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வருவதால், நம் மாணவர்கள் இத்தொடரையும் முன்னால் தள்ளி எழுதிவிடுகிறார்கள். அது ஆங்கிலக் காதுக்கு ஒவ்வாது.

பயனிலையாகவும் இது வரும். ‘ஹி இஸ் நாட் வொர்த் ஹிஸ் சால்ட்’ என்றால், கொடுக்கிற சம்பளத்துக்கு ஆள் லாயக்கில்லை என்று பொருள். எதிர்மறையில் இது கடுமையான சொல்; சக ஊழியரிடம் நேருக்கு நேர் சொல்லத்தக்கதல்ல. அச்சில் கிடைக்கும் பழைய சான்றுகளில் ஒன்றும் எதிர்மறைதான். மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலுள்ள புலாமா தீவில் 1792-இல் குடியேற்றம் அமைக்க முயன்ற பிலிப் பீவர் என்ற கடற்படை அதிகாரி, 1805-இல் வெளியிட்ட நூலில் தம் ஆட்களில் ஒருவரைப் பற்றி இப்படிக் குறைப்படுகிறார். ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் ‘ட்ரெஷர் ஐலண்ட்’ நாவலில் (1883) இதே தொடர் புதிதாகச் சேர்ந்த ஒருவனுக்குப் பாராட்டாக வருகிறது. வேலை வாங்குகிறவர் வேலையாளை எடைபோடும் பேச்சு இது என்பது இரண்டிலும் தெரிகிறது.

தோற்றம் பற்றி ஒரு கதை உலவுகிறது. ரோமானியப் படைவீரர்களுக்கு உப்பையே சம்பளமாக அளந்தார்களாம். அப்படிச் சொல்லும் பழைய ஆவணம் எதுவும் இல்லை. படைவீரரின் ஊதியத்துக்கு லத்தீனில் ‘ஸ்டிபெண்டியம்’ என்று பெயர். அகஸ்டஸ் காலத்தில் சாதாரண வீரனுக்கு அது ஆண்டுக்கு 225 டெனாரியஸ், அதாவது வெள்ளிக்காசு. சொல்லளவில் உறவு இருப்பது மெய்தான். ‘சாலரி’ என்ற ஆங்கிலச் சொல்லின் மூலமான ‘சலாரியம்’, உப்பைக் குறிக்கும் ‘சல்’ என்பதிலிருந்து வந்தது. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த மூத்த பிளினியும் இரண்டையும் சேர்த்தே பேசுகிறார். ஆனால் ஒரு சொல்லின் வேரைக் கொண்டு மூட்டை மூட்டையாக உப்பு கொடுத்ததாக முடிவுகட்டுவது நியாயமில்லை.

உப்பு வரும் வேறு ஆங்கிலத் தொடர்களோடு இதைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. ‘எ பின்ச் ஆஃப் சால்ட்’ என்பது கேட்டதை முழுக்க நம்பாமல் எடுத்துக்கொள்வது. ‘சால்ட் ஆஃப் தி எர்த்’ மத்தேயு நற்செய்தியிலிருந்து வந்தது. நேர்மையான, நல்ல மனிதரைக் குறிக்கும்.

தமிழில் பெயர்ப்பவர் தடுமாறும் இடம் இங்கேதான். உப்பைக் கண்டதும் ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்ற பழமொழி நினைவுக்கு வந்துவிடும். ஆனால் அந்த உப்பு நன்றியைப் பற்றியது. பாரசீகம் வழி உருதுவுக்கு வந்த ‘நமக் ஹராம்’ என்ற வசையிலும், விவிலியத்தின் எஸ்றா நூலில் அரண்மனை உப்பைத் தின்றவர்கள் என்று அதிகாரிகள் தங்களைச் சொல்லிக்கொள்வதிலும் இருப்பது விசுவாசம். ஆங்கிலத் தொடரில் நன்றிக்கோ விசுவாசத்துக்கோ இடமில்லை. கைத்திறனும் கடமையுமே கணக்கு. முதலாளிக்கு உண்மையாக இருந்தும் வேலை தெரியாத ஒருவர் ‘வொர்த் ஹிஸ் சால்ட்’ ஆகமாட்டார். ‘சோத்துல உப்பு போட்டுத்தானே திங்கிற?’ என்ற நம் வழக்கும் உதவாது. அது ரோஷத்தைக் கிளறுவது.

ஆகவே பெயர்ப்பில் உப்பை விட்டுவிடுவதே நல்லது. ‘சமையல்காரர் என்று சொல்லிக்கொள்ளும் எவரும் ருசி பார்க்காமல் பரிமாறமாட்டார்’ என்றால் பொருள் முழுதாக வந்துவிடுகிறது. எதிர்மறைக்கு, ‘வாங்குற சம்பளத்துக்கு வேலை செய்யறதில்லை’ என்று எந்தப் பட்டறையிலும் கேட்கலாம்.