முன்னணிப் புள்ளி காணல்

விளையாட்டு நிரலாக்கத்தில், ஆட்டக்காரர்களின் புள்ளிகளை ஓர் அணியில் (array) வரிசையாக வைத்து, முன்னிலையில் இருப்பவரைக் கண்டறியும் முறை. சி, ஜாவா, பைத்தான் போன்ற மொழிகளில் அணியின் இட எண் 0-இல் தொடங்கும். நான்கு பேரின் புள்ளிகள் 340, 275, 410, 390 என்றால், முதல் புள்ளியைத் தற்காலிக முன்னணியாகக் கொண்டு அடுத்தடுத்ததை ஒப்பிட வேண்டும். 275 சிறியது, விட்டுவிடலாம், 410 பெரியது, முன்னணி மாறுகிறது, 390 தோற்கிறது. நான்கு பேருக்கு மூன்று ஒப்பீடு போதும். அணியை முழுக்க வரிசைப்படுத்துவது வீண்வேலை.

புதியவர்கள் வழுக்கும் இடம் தொடக்க மதிப்பு. அதை 0 என்று வைத்தால், தவறுக்குப் புள்ளி குறைக்கும் ஆட்டத்தில் எல்லோரும் −5, −20 என்று இருக்கும்போது, யாரும் எடுக்காத 0 வென்றுவிடும். இன்னொன்று: புள்ளியை மட்டும் நினைவில் வைத்தால் அது யாருடையது என்பது தொலைந்துபோகும். இட எண்ணை வைத்துக்கொண்டால், பெயர்களை அதே வரிசையில் வைத்த இன்னோர் அணியிலிருந்து ஆளையும் எடுக்கலாம். சமநிலையில், 'பெரியது' என்ற ஒப்பீடு முதலில் வந்தவரைக் காக்கும். 'பெரியது அல்லது சமம்' கடைசியில் வந்தவரைத் தூக்கிவிடும். கோல்ஃப் ஆட்டத்தில் குறைந்த அடிகளே முன்னணி என்பதால் ஒப்பீட்டுக் குறியைத் திருப்ப வேண்டும்.

பழைய வீடியோ ஆட்டங்களிலும் முன்னணிப் புள்ளியைக் காணலாம். 1978-இல் டைட்டோ நிறுவனத்தின் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' உச்சப் புள்ளியைத் திரையிலேயே காட்டியது. 1979-இல் அட்டாரியின் 'ஆஸ்டராய்ட்ஸ்' அதனுடன் ஆட்டக்காரரின் பெயருக்கான மூன்று எழுத்துகளையும் சேர்த்துப் பட்டியலாக்கியது.