விளக்கில்லாத ஊர்

பழைய வருவாய்த்துறை ஆவணங்களில் 'பேச்சிராக் கிராமம்' என்று ஒரு சொல் வரும். பாரசீகத்திலிருந்து வந்தது. 'பே' என்றால் இல்லாத, 'சிராக்' என்றால் விளக்கு. பொழுது சாய்ஞ்சா விளக்கேத்த ஆளில்லாத ஊர்! கணக்கு எழுதறவங்க இவ்வளவு அழகா ஒரு பேரை வெச்சிருக்காங்க பாருங்க.

ஆளே இல்லைன்னா அது எப்படி ஊர்? அங்கேதான் விஷயம் இருக்கு. அரசாங்கத்துக்கு கிராமம் என்பது எல்லையும் ஒரு எண்ணும்தான். நம்ம பக்கத்தில் நிலத்தை அளக்கும் பழக்கம் ரொம்பப் பழசு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலத்தை வேலி, மா, காணி, முந்திரி வரைக்கும் இறங்கிக் கணக்கு சொல்லியிருக்கு. ஊர்நத்தம், குளம், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு எல்லாம் வரியில்லாத நிலம் என்று கழிச்சுக் காட்டியிருக்கு. ஆனா அந்த நத்தத்திலும் சேரியிலும் எத்தனை பேர் இருந்தாங்க? அது ராஜராஜனுக்குத் தேவைப்படலை. அந்தக் கணக்கு நிலத்துக்குத்தானே!

ஆளை ஊர் ஊரா முறையா எண்ண ஆரம்பிச்சது வெள்ளைக்காரன் காலத்தில். சென்னை மாகாணத்தில் 1871-ல் ஒண்ணு, அப்புறம் 1881-ல் இந்தியா முழுக்க. இந்த ரெண்டுக்கும் நடுவில் வந்தது தாது வருஷப் பஞ்சம் (1876-78). சேலம் மாவட்டத்தில் 1871-ல் சுமார் 19.67 லட்சம் பேர். 1881-ல் 16 லட்சம். பத்து வருஷத்தில் பிறந்ததையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. செத்தவன், ஊரை விட்டு ஓடினவன், கப்பலேறினவன் எல்லாம் அந்த ரெண்டு எண்ணுக்கு நடுவில் கிடக்கிறான். சர்வே கல் மட்டும் நட்ட இடத்தில் அப்படியே நிக்குது.

2011 கணக்கெடுப்பிலும் தமிழ்நாட்டின் சுமார் 16,000 கிராமங்களில் 900-க்கும் மேல் ஆளில்லாதவை. பயப்படாதீங்க, எல்லாம் பேய் ஊர் இல்லை. காப்புக்காடு இருக்கும், இல்லைன்னா வயல் மட்டும் இங்கே, விதைக்கிறவன் வீடு பக்கத்து ஊரில்.

ஆனா நம்ம கண்ணெதிரே காலியான ஊரும் இருக்கு. தூத்துக்குடி மாவட்டம், ஸ்ரீவைகுண்டம் வட்டம், செக்காரக்குடி பக்கம் மீனாட்சிபுரம். மானாவாரி பூமி. குடிதண்ணி கிடையாது, மழை பொய்ச்சா பிழைப்பும் கிடையாது. ஒவ்வொரு குடும்பமா கிளம்பிட்டாங்க. கடைசியா ஒரே ஒரு பெரியவர் வருஷக்கணக்கா தனியா இருந்தார். 2024-ல் அவரும் காலமானார்.

செய்திகளில் 2011 கணக்குப்படி அங்கே 1,269 பேர் என்று போட்டிருந்தாங்க. எனக்கு இது உறுத்துது. ஒரு வருவாய் கிராமத்துக்குள்ள நாலஞ்சு குடியிருப்பு இருக்கலாம். கணக்கில் வர்றது மொத்தத்துக்கும் ஒரே எண். சின்னக் குடியிருப்பு ஒண்ணு அதுக்குள்ள காலியானா எண்ணுக்கு வலிக்கவே வலிக்காது. நிஜமான பேச்சிராக் இந்த மாதிரிதான், 'குடியுள்ள கிராமம்' என்ற வரிக்குள்ளேயே ஒளிஞ்சிருக்கும்.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறிச்சிருக்காங்க. மீனாட்சிபுரத்தில் கோயில் இன்னும் இருக்கு. பிழைக்கப் போனவங்க திருவிழாவுக்கு வந்து கூடுறாங்க. ஆனா கணக்கெடுக்கிறவர் திருவிழா அன்னிக்கு வரமாட்டாரே.