மெனோரா
மெனோரா: யூதர்களின் பண்டைய வழிபாட்டிடத்தில் எரிந்த ஏழு கிளைப் பொன் விளக்குத்தண்டு, யூத சமயத்தின் மிகப் பழைய சின்னங்களுள் ஒன்று. பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு இதைக் குத்துவிளக்கு என்கிறது.

விவிலியத்தின் யாத்திராகமம் 25ஆம் அதிகாரத்தின்படி, இது ஒரு தாலந்து (பண்டைய எடையளவு) பசும்பொன்னில் ஒரே வார்ப்பாக அன்றி அடிப்பு வேலையாகச் செய்யப்பட்டது. நடுத்தண்டின் இரு பக்கமும் மும்மூன்று கிளைகள்; அவற்றில் வாதுமைப் பூ வடிவக் கிண்ணங்கள், குமிழ்கள், மலர்கள். இடித்துப் பிழிந்த தெளிந்த ஒலிவ எண்ணெயே இதற்குரியது. முற்கால வழிபாட்டிடமான ஆசரிப்புக் கூடாரத்தில் ஒன்றே இருக்க, பின்னர் எருசலேமில் எழுந்த சாலொமோன் அரசனின் ஆலயத்தில் பத்து விளக்குத்தண்டுகள் இருந்தன.

கி.பி. 70இல் உரோமர் எருசலேமின் இரண்டாம் ஆலயத்தை அழித்து அங்கிருந்த மெனோராவைக் கவர்ந்து சென்றனர். இவ்வெற்றியை நினைவூட்டும், உரோமிலுள்ள டைட்டஸ் வளைவின் உட்புறப் புடைப்புச் சிற்பத்தில், வாகை சூடிய வீரர்கள் இதைத் தோளில் சுமந்து செல்கின்றனர். அச்சிற்பத்தில் மெனோராவுக்குள்ள பலகோண அடிப்பீடம் மூலவடிவமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. யூதச் சித்திரிப்புகள் பலவற்றில் அடிப்பீடமாக முக்காலியே காணப்படுகிறது. 1949இல் ஏற்கப்பட்ட இஸ்ரேல் அரசுச் சின்னம் டைட்டஸ் வளைவின் வடிவத்தையே தழுவியது.

ஆலய விளக்கை அப்படியே படியெடுப்பதை யூத மரபு நூலான தல்மூத் தடைசெய்கிறது. யூதர்களின் அனுக்கா விழாவில் ஏற்றப்படும் ஒன்பது கிளை விளக்கு இதிலிருந்து வேறானது.

கிறித்தவத்தில், வெளிப்படுத்தின விசேஷம் கூறும் ஏழு பொன் குத்துவிளக்குகள் உரோமரின் ஆசியா மாகாணத்து ஏழு சபைகளைக் குறிக்கின்றன. அவை தனித்தனி விளக்குகள், ஒரே தண்டின் கிளைகளாகச் சொல்லப்படவில்லை.