சிவப்பு ஐசி: தோட்டத்துக்கு வராத குடியுரிமை

மலேசியாவில் நீல நிற அடையாள அட்டை குடிமக்களுக்கு, சிவப்பு நிற அட்டை நிரந்தரவாசிகளுக்கு. ‘சிவப்பு ஐசி’ வைத்திருப்பவர் சாகும்வரை அந்நாட்டில் இருக்கலாம், வரி கட்டலாம். ஆனால் வாக்களிக்க முடியாது, நாட்டின் கடப்பிதழ் கிடையாது, அரசாங்க வேலைக்கு மனுப்போட முடியாது. 2018 ஜூலையில், 60 வயது கடந்த, சிவப்பு ஐசி வைத்திருக்கும் இந்தியர் 3,407 பேருக்குக் குடியுரிமை தரப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. நாடு சுதந்திரம் அடைந்து 61 ஆண்டுகள் நிறையப்போகும் நேரம் அது. வாழ்நாளெல்லாம் அந்த மண்ணில் கழித்தவர்களுக்கு அறுபது வயதுக்கு மேல் ஏன் குடியுரிமை வழங்க வேண்டியிருந்தது என்று கேட்டால், தயாராக ஒரு பதில் வரும்: தோட்டத்துச் சனங்கள் படிப்பறிவில்லாதவர்கள், சலுகை கொடுத்த காலத்தில் மனுப்போடாமல் விட்டுவிட்டார்கள், பிழை அவர்களுடையது. பட்டணத்துத் தமிழர்களே இதைச் சொல்வதுண்டு. மலாயாவின் குடியுரிமை வரலாற்றைச் சற்று நிதானமாகப் பார்த்தால் இந்தப் பதில் நிற்காது. தன் தேவைக்காக ஒவ்வொரு தொழிலாளியையும் தேடிப்போய்ப் பதிந்துகொண்ட அரசு, குடியுரிமை என்று வந்தபோது மட்டும் தொழிலாளியே தன்னைத் தேடி வரட்டும் என்று விட்டுவிட்டது. சிவப்பு ஐசி என்ற நிலை பெரும்பாலும் அங்கேதான் உருவாயிற்று.

இவர்கள் வந்த விதத்தை முதலில் பார்க்க வேண்டும். 1907இல் தொடங்கிய குடியேற்ற நிதி, ரப்பர்த் தோட்ட முதலாளிகளிடம் வரி வாங்கித் தமிழகத்திலிருந்து ஆள் கொண்டுவரும் செலவை ஏற்றது. கங்காணி தன் ஊருக்குப் போய் உறவையும் தெருவையும் திரட்டி அழைத்து வந்தார். ரப்பர் விலை ஏறினால் கப்பல் நிறைய ஆள் வருவதும், 1930களின் தொடக்கத்தில் நடந்ததுபோல விலை சரிந்தால் ஆயிரமாயிரமாய் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பப்படுவதும் வழக்கமாயிருந்தது. ஆள் தேவை, குடி தேவையில்லை என்பதுதான் அந்த ஏற்பாட்டின் உள்ளர்த்தம். 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரை உதவித்தொகையில் அனுப்புவதைத் தடைசெய்த பிறகு இந்தப் போக்குவரத்து குறைந்தது. அப்புறம் ஜப்பானியர் ஆட்சி, சயாம் ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட ஆண்கள், திரும்பாதவர்களின் குடும்பங்கள். போர் முடிந்தபோது தோட்டங்களில் மிஞ்சியிருந்தவர்கள் பலருக்கு மலாயாவைவிட்டால் வேறு வீடு இல்லை என்ற நிலை வந்துவிட்டது. குடியுரிமைச் சட்டங்கள் எழுதப்பட்டது இந்த நேரத்தில்தான்.

1946 ஏப்ரலில் பிரிட்டிஷார் கொண்டுவந்த மலாயன் யூனியன், குடியுரிமைக் கதவை அகலமாகத் திறப்பதாகச் சொன்னது. மலாய் மக்கள் கொதித்தெழுந்தார்கள், அதே ஆண்டு மே மாதம் மலாய்க்காரர்களின் கட்சியான அம்னோ பிறந்தது, திட்டம் கைவிடப்பட்டது. அதன் இடத்தில் 1948 பிப்ரவரியில் வந்த மலாயாக் கூட்டரசு கதவைப் பாதிக்கு மேல் சாத்தியது. அங்கே பிறந்தவர் கடந்த 12 ஆண்டுகளில் 8 ஆண்டும், வெளியே பிறந்தவர் 20 ஆண்டுகளில் 15 ஆண்டும் நாட்டில் வசித்ததைக் காட்டி மனுச்செய்ய வேண்டும். போரில் சிதறிய ஒரு சமூகத்திடம் பதினைந்து ஆண்டு வசிப்புக்கு ஆதாரம் கேட்டார்கள். 1952இல் விதிகள் கொஞ்சம் தளர்ந்தன. 1957 ஆகஸ்ட் 31 முதல் நாட்டில் பிறக்கும் எந்தக் குழந்தையும் பிறப்பாலேயே குடிமகன் என்றது சுதந்திர நாட்டின் அரசியல் சட்டம். ஆனால் அதற்கு முன்பே பிறந்தவர்கள், பெற்றோர் இருவரும் இந்தியாவிலிருந்து வந்தவர்களாக இருந்தால், மனுப்போட்டுத்தான் பெற வேண்டும். ஒரே லயத்து வரிசை வீட்டில், ஒரே தாய் வயிற்றில், 1955இல் பிறந்த அண்ணன் விண்ணப்பதாரர். 1958இல் பிறந்த தம்பி குடிமகன். நாட்டில் பிறந்தவர் ஓராண்டுக்குள் மனுச்செய்தால் மலாய் மொழித் தேர்வு இல்லை. வெளியே பிறந்தவர்களில் 45 வயது கடந்தோருக்கும் அந்த ஓராண்டுச் சலுகை இருந்தது. 1962ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், வெளியே பிறந்த நெடுநாள்வாசிகள் பதிந்துகொள்ள இருந்த பிரிவையே நீக்கியது. அதன் பிறகு அவர்களுக்கு மிஞ்சியது, 12 ஆண்டுகளில் 10 ஆண்டு வசிப்பும் போதிய மலாய் அறிவும் கேட்கும் இயல்புரிமை வழி ஒன்றே. அதே திருத்தம் பிறப்புரிமையையும் குறுக்கியது: பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால்தான் குழந்தை குடிமகன்.

இனி, இந்த விதிகள் தோட்டத்து ஆளின் கையில் என்னவாக இருந்தன என்று பாருங்கள். விடியுமுன் பெரட்டு, பேர் கூப்பிட்டு ஆள் இருக்கிறாரா என்று தோட்ட எழுத்தரான கிராணி குறித்துக்கொள்வார். பிறகு அவரவர் மரவரிசையான நிரை, பால் வெட்டு, பால் நிறுவை. ஒருநாள் வராவிட்டால் அந்த நாள் கூலி இல்லை. பதிவு அலுவலகமோ பட்டணத்தில், அலுவலக நேரத்தில். குழந்தைகள் பெரும்பாலும் லயத்திலேயே மருத்துவச்சி கையில் பிறந்தன. சூராட் பெரானாக் என்ற பிறப்புச் சான்றிதழ் எடுக்க யாராவது போய்ச் சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை. சொன்னாலும் தமிழ்ப் பெயர் ஒவ்வொரு எழுத்தரின் கையில் ஒவ்வொரு விதமாக விழுந்தது. தகப்பன் பெயர் ஒரு தாளில் ஒன்று, அடுத்த தாளில் வேறு. இத்தனைக்கும் நடுவில், ஓர் ஆள் எந்தெந்த நாள் அந்த நாட்டில் இருந்தார் என்பதற்கு அசைக்க முடியாத சாட்சி ஒன்று இருந்தது: வருகையைக் குறிக்கும் செக்ரோல். பதினைந்து ஆண்டு வசிப்பை நாள் கணக்கில் காட்டக்கூடிய ஏடு அது. அந்த ஏடு தோட்ட நிர்வாகத்தின் சொத்து. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பற்றிப் பொருளாதார அறிஞர் உங்கு அஜிஸ் தனியாக ஆய்வறிக்கையே எழுத வேண்டியிருந்தது. தோட்டம் துண்டானால் வேலையும் வீடும் சேர்ந்தே போகும். வேறு தோட்டத்துக்குக் குடிபெயர்ந்தவர், முன்பிருந்த நிர்வாகத்திடம் போய் எந்தச் சான்றைக் கேட்டு வாங்கியிருக்க முடியும்?

அரசாங்கத்துக்கு இவர்களைச் சென்றடைய வழியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1948 ஜூனில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும், 12 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை கட்டாயமாயிற்று. புகைப்படம், கட்டைவிரல் ரேகை, பெயர், முகவரி எல்லாம் சேர்த்து, சில ஆண்டுகள் செல்லும் வேலையை மிகக் குறுகிய காலத்தில் முடித்தார்கள். காட்டோரத் தோட்டமும் விலகவில்லை, லம்பம் என்ற ஈயச் சுரங்கமும் விலகவில்லை. அட்டையில்லாமல் சாலையில் நடக்க முடியாது என்ற நிலையை ஓர் அரசு உருவாக்கியது என்றால், அட்டையை ஆள் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோகும் திறனும் அதற்கு இருந்தது என்றுதான் பொருள். 1957இல் குடியுரிமைச் சலுகை ஆண்டு வந்தபோது, யார் யார் எந்தத் தோட்டத்தில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறார்கள் என்ற பதிவு அரசின் கையிலேயே இருந்தது. ஏழு ஆண்டுகளில் ஐந்து ஆண்டு வசிப்பு என்பதுதான் அப்போது நாட்டில் பிறந்தவரிடம் கேட்கப்பட்ட நிபந்தனை. தன் பதிவேட்டைப் புரட்டியே அரசு பாதி வேலையை முடித்திருக்கலாம். அதைச் செய்யவில்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் முதல் வாதம், இந்தியர்களின் மனம் இந்தியாவிலேயே இருந்தது என்பது. இதில் உண்மை உண்டு. 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியல் சட்டத்தின் எட்டாவது பிரிவு, வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினர் தூதரகத்தில் பதிந்து இந்தியக் குடியுரிமை பெற வழி தந்தது, சிலர் பெற்றார்கள். ஊரில் கொஞ்சம் நிலம், வயதான தாய் தகப்பன், குலசாமி கோயில் என்று கயிறு அறாமலும் இருந்தது. ஆனால் அந்த இரட்டை மனத்தை வளர்த்தது யார்? போய் வந்து போகும் ஆட்களாகவே அவர்களை அரை நூற்றாண்டு வைத்திருந்தது நிர்வாகம். தவிர, 1948இன் கூட்டரசுக் குடியுரிமை முழுமையான தேசியம் அன்று. அதைப் பெற்றவர் அயல்நாட்டில் எந்த நாட்டவர் என்ற கேள்விக்கு அது விடை தரவில்லை. எதிர்காலம் இன்னதென்று தெரியாத நாட்டில் ஊர்த் தொடர்பை அறுத்துக்கொள்ளாமல் இருப்பது முன்யோசனை. அதை விசுவாசக் குறைவு என்று எண்ணுவது நியாயமில்லை.

இரண்டாவது வாதம் கனமானது. 1947 கணக்கெடுப்பில் மலாய் மக்கள் மொத்தத்தில் சரிபாதிக்குப் பக்கத்தில் இருந்தார்கள். சொந்த மண்ணில் சிறுபான்மை ஆகிவிடுவோமோ என்ற அச்சம் கற்பனை இல்லை. எந்த நாடும் தன் குடியுரிமைக்கு நிபந்தனை வைக்கும் உரிமை உடையது என்பதையும் ஏற்கிறேன். ஆனால் 1957இன் உடன்பாடு இந்த அச்சத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டே செய்யப்பட்டது: மலாய் மக்களின் தனிநிலை சட்டத்தில் எழுதப்பட்டது, பதிலாக நிலைத்து வாழும் மற்றவர்களுக்குக் குடியுரிமை வழி திறக்கப்பட்டது. விலை பேசி முடிந்த பிறகு, பேசியபடி கிடைக்க வேண்டியதை நடைமுறைச் சிக்கலில் இழந்தவர்கள் பால்மரக்காட்டு ஆட்கள். அவர்கள் எண்ணிக்கை எந்தத் தேர்தலையும் புரட்டிப்போடும் அளவு இல்லை.

அப்படியானால் சீனர்கள் எப்படிப் பெருந்திரளாகப் பதிந்தார்கள் என்று கேட்பார்கள். அவர்களுக்குப் பட்டணத்தில் வணிகச் சங்கங்களும் குலச் சங்கங்களும் இருந்தன; கிளர்ச்சியிலிருந்து அவர்களைப் பிரித்தெடுக்க வேண்டிய அவசரம் அரசுக்கு இருந்தது. இன்னும் நெருக்கமான ஒப்பீடு சிங்கப்பூரில் இருக்கிறது. 1957இல் அங்கே குடியுரிமைச் சட்டம் வந்தபோது ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி, பத்திரிகையில் எழுதியதோடு நிற்காமல், தமிழர்களைப் பதியவைக்கும் இயக்கத்தையே நடத்தினார். துறைமுகத் தொழிலாளர், நகராட்சித் துப்புரவுப் பணியாளர் என்று ஆயிரக்கணக்கானோர் அதனால் குடிமக்கள் ஆனார்கள். அங்கே நிபந்தனைகள் எளிது என்பது உண்மைதான். என்றாலும் இவர்களும் அதே தஞ்சாவூர், திருச்சி, சேலம் பக்கத்து ஆட்களே, அதே படிப்பறிவு உடையவர்களே. உட்கார்ந்து படிவம் நிரப்பித் தர ஆள் இருந்த இடத்தில் அறியாமை ஒரு தடையாக இல்லை. மலாயாவில் இந்தியர் கட்சியான ம.இ.கா.வும் தோட்டத் தொழிலாளர் சங்கமும் முயலவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சிதறிக்கிடந்த நூற்றுக்கணக்கான தோட்டங்களுக்கு அந்த முயற்சி எட்டிய அளவு போதவில்லை.

விளைவு 1969இல் தெரிந்தது. 1968இல் நிறைவேறிய வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடிமகன் அல்லாதவர் வேலைசெய்யப் பர்மிட் வாங்க வேண்டும் என்றது. 1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பிறகு அது கடுமையாக அமலானது. இருபது, முப்பது ஆண்டுகள் அதே தோட்டத்தில் பால் வெட்டியவர், தன் கத்தியைத் தொடத் தவணைக்குத் தவணை அனுமதி கேட்க வேண்டியவரானார். ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள் என்று ஆய்வாளர்கள் குறிக்கிறார்கள். அவர்களில் பலருக்குத் தமிழகத்தில் நிலமும் இல்லை, தெரிந்த முகமும் இல்லை. போகாமல் தங்கியவர்களே சிவப்பு ஐசியோடு முதுமை அடைந்த தலைமுறை.

பின்னர் வந்த சட்டங்களிலும் இதே குறை தொடர்ந்தது. 1982 மார்ச்சில் நடப்புக்கு வந்த திருமணச் சட்டம், கோயிலில் தாலி கட்டினால் போதாது, பதிவும் வேண்டும் என்றது. பதியாமல் வாழ்ந்த பெற்றோரின் குழந்தை சட்டத்தின் கண்ணில் தாயின் நிலையையே பின்பற்றும். தாயிடம் எந்தப் பத்திரமும் இல்லையென்றால், தகப்பன் நீல ஐசிக்காரராக இருந்தும் பிள்ளை நாடற்றதாகும். 2011இல் ‘மைடாஃப்தார்’ என்ற பெயரில் அரசாங்கமே நடமாடும் குழுக்களை அனுப்பிப் பத்திரமில்லாத இந்தியர்களைப் பதிந்தது. 1957இல் செய்திருக்க வேண்டிய வேலை அது. அரசியல் மேடைகளில் 3 லட்சம் பேர் நாடற்றவர்கள் என்று சொல்லப்பட்டதுண்டு. பதிவுத் துறைக் கணக்குகள் அதைவிட மிகக் குறைவு. எண்ணிக்கையைப் பெருக்கிச் சொல்வது இம்மக்களுக்கு உதவாது, மறுப்பவர்களுக்கு வசதியாகவே முடியும்.

இவ்வளவுக்குப் பிறகும் சட்டத்தில் ஒரு பாதுகாப்பு மிஞ்சியிருந்தது. 1962இன் திருத்தம் எத்தனை கதவுகளைச் சாத்தினாலும், நிரந்தரவாசிக்கு நாட்டில் பிறக்கும் குழந்தை குடிமகன் என்பதை விட்டுவைத்திருந்தது. சிவப்பு ஐசி ஒரு தலைமுறையோடு நின்றதற்கு அதுவே காரணம். 2024 அக்டோபரில் மலேசிய நாடாளுமன்றத்தின் மக்களவை நிறைவேற்றிய குடியுரிமைத் திருத்தம், வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைகளுக்கு மலேசியத் தாய்மாரும் குடியுரிமை தரலாம் என்ற நல்ல மாற்றத்தைக் கொண்டுவந்தது. அதனுடன் சேர்த்தே, நிரந்தரவாசிகளின் பிள்ளைகளுக்கு இருந்த அந்தப் பிறப்புரிமையை எடுத்துவிட்டது. நிரந்தரவாசி என்றால் அண்மையில் வந்த வெளிநாட்டவர் என்று நினைத்துச் செய்த மாற்றம் இது. சிவப்பு ஐசி வைத்திருப்பவர்களில், நாடு பிறக்கும் முன்பே அங்கே பிறந்தவர்கள் இருக்கிறார்கள். நிரந்தரவாசியின் பிள்ளைக்குப் பிறப்புரிமை தந்த சொற்களைச் சட்டத்தில் மீண்டும் சேர்க்க வேண்டும். சேர்க்கும்வரை, வீட்டில் சிவப்பு ஐசி உள்ள ஒவ்வொரு குடும்பமும் தாத்தா பாட்டியின் பழைய தோட்டத்து ஏடு, பள்ளிச் சான்று, மருத்துவமனைச் சீட்டு எதையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்க வேண்டும்.