‘கத்தி பட்டால் பரவிவிடும்’: புற்றுநோய் பற்றிய ஒரு பேச்சுவழக்கின் வேர்

‘கத்தி பட்டால் பரவிவிடும்.’ புற்றுநோய் பற்றித் தமிழகத்து வீடுகளில் புழங்கும் கூற்றுகளில் மிகுந்த தீங்கு செய்வது இதுதான். மார்பில் கட்டி இருப்பது தெரிந்த பிறகும் திசுப் பரிசோதனைக்கு இணங்காமல் மாதக்கணக்கில் நாளைக் கடத்துவோர் இதையே காரணமாகச் சொல்கிறார்கள். மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டால் இதன் வேர் நமக்குப் பிடிபடாது. மக்கள் கண்டது பொய்யல்ல. கண்டதிலிருந்து எடுத்த முடிவே பிழை என்பது என் வாதம்.

நோய் முற்றிய நிலையில் வயிற்றைத் திறக்கிறார்கள். கல்லீரல்வரை பரவியிருக்கிறது, அகற்ற வழியில்லாமல் தையல் போட்டு மூடுகிறார்கள். சில வாரங்களில் நோயாளி இறந்துபோகிறார். வீட்டாருக்குத் தெரிந்த வரிசை ஒன்றுதான்: நடமாடிக்கொண்டிருந்தார், கத்தி வைத்தார்கள், போய்விட்டார். புற்றணுக்கள் நிணநீர் வழியாகவும் இரத்தத்தின் வழியாகவும் முன்பே பரவிவிட்டதை அவர்கள் எங்கே பார்த்தார்கள்? இன்று ஸ்கேன் அதை முன்கூட்டியே பெரும்பாலும் காட்டிவிடுகிறது. ஆயினும் பழைய சாவுகள் குடும்ப நினைவில் சாட்சியாக நிற்கின்றன.

இதற்கு, ‘ஒருபோதும் பரவாது’ என்று அடித்துச் சொல்வதும் சரியான விடையல்ல. ஊசி சென்ற தடத்தில் அணுக்கள் தங்கும் வாய்ப்பு மிக அரிதாக உண்டு. அதனால்தான் விதைப்பைக் கட்டியில் ஊசி குத்திச் சோதிப்பதைத் தவிர்க்கிறார்கள். எலும்புப் புற்றில் ஊசித் தடத்தையும் சேர்த்தே அகற்றத் திட்டமிடுகிறார்கள். இந்த விதிவிலக்குகளை மறைக்காமல் சொல்லும் மருத்துவரைத்தான் நோயாளி நம்புவார். மார்புக் கட்டியில் அந்தச் சிறு அபாயத்தைவிடச் சோதிக்காமல் விடுவதால் வரும் கேடு பன்மடங்கு பெரிது என்பதும் அப்போதுதான் அவர் மனத்தில் ஏறும்.

கதிர்வீச்சைக் ‘கரண்ட் வைப்பது’ என்பதும் இத்தகையதே. ஷாக் அடிக்குமென்று அஞ்சி வருபவருக்குச் சிகிச்சை மேசையில் வலியே தெரிவதில்லை. இரண்டு மூன்று வாரம் கழித்துத் தோல் கறுத்து, வாய் புண்ணாகும்போது ‘கரண்ட் சுட்டுவிட்டது’ என்று பாதியில் நிறுத்திவிடுவோர் உண்டு. இப்படி ஆகும் என்று முதல் நாளே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

புற்றுநோய்ப் பேச்சு பற்றிய கவலை மேற்கில் வேறு வகையானது. அமெரிக்காவில் 1971இல் அதிபர் நிக்சன் தேசியப் புற்றுநோய்ச் சட்டத்தில் கையெழுத்திட்டதோடு, நோயை எதிரியாக்கிப் ‘போர்’ என்று பேசும் மொழி வலுத்தது. 1978இல் அமெரிக்க எழுத்தாளர் சூசன் சான்டாக், நோய்மீது உருவகங்களை ஏற்றுவதே நோயாளியை வதைக்கிறது என்று வாதிட்டார். அவர் சமூகத்துக்கு அது பொருந்தும். நம் வீடுகளில் கேடு செய்வது உருவகத்தைக் காட்டிலும், எதனால் எது நேர்ந்தது என்பது பற்றிய தவறான கதை. உருவகத்தைக் கைவிடச் சொல்லலாம்; கதையைக் கைவிடச் சொன்னால் போதாது, அதனினும் சரியான கதை ஒன்றைத் தர வேண்டும்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் எழுந்தது. ஆயினும் ‘கேன்சரா, அவ்வளவுதான்’ என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அந்தப் பேச்சு எவ்வளவு தவறு என்பதற்குக் கருப்பைவாய்ப் புற்றே சான்று: அது உருவாகப் பெரும்பாலும் பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. புற்றாக மாறுவதற்கு முந்தைய நிலையிலேயே கண்டால் தடுத்துவிடலாம். சரியான கதையைத் தரும் வேலை மருத்துவமனையிலேயே தொடங்கலாம்: திசுப் பரிசோதனைக்கான ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும் முன், ‘கத்தி பட்டால் பரவும் என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னார்களா?’ என்று மருத்துவர்களே கேட்டுத் தொடங்க வேண்டும்.