இனச்சுழற்சி முறை

இனச்சுழற்சி முறை என்பது, தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் அடுத்து நிரப்பப்படும் இடம் எந்தப் பிரிவுக்கு உரியது என்பதை முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டு ஆளெடுக்கும் ஏற்பாடு. இட ஒதுக்கீட்டுச் சட்டம் விழுக்காட்டைச் சொல்வதோடு நின்றுவிடுகிறது. ஆயிரம் இடங்களை ஒரே தேர்வில் நிரப்பும்போது அது போதும். வட்டாட்சியர் அலுவலகத்தில் ஜீப் ஓட்டுநர் இடம் ஒன்றே ஒன்று காலியானால், அதில் பிற்படுத்தப்பட்டோருக்கான 26.5 விழுக்காட்டை எப்படிப் பிரிப்பது? அந்தச் சிக்கலுக்கு விடைதான் சுழற்சி.

இதன் வேர் நீதிக்கட்சி ஆட்சியில் 1921-இல் வந்த வகுப்புவாரி ஆணை. அது ஏட்டளவில் கிடக்க, சுப்பராயன் அமைச்சரவையில் இருந்த எஸ். முத்தையா முதலியார்தான் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அவர் ஏற்பாட்டில் ஒரு சுற்றுக்கு 12 இடங்கள்: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர், முஸ்லிம்களுக்குத் தலா 2, ஆங்கிலோ இந்தியரும் கிறித்தவரும் சேர்ந்து 2, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு 1. கடைசிப் பங்கு எவ்வளவு சிறியது என்பது இன்று கண்ணில் உறுத்தும். 1947-இல் சுற்று 14 ஆனது. பிற்படுத்தப்பட்ட இந்துக்கள் தனிப்பிரிவானார்கள்.

இந்த வகுப்புவாரிப் பங்கீடு பற்றி 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகள் வழங்கியது. கல்லூரிச் சேர்க்கை பற்றிய செண்பகம் துரைராசன் வழக்கை எல்லோரும் அறிவர். பணி நியமனத்துக்கு நேரடியாகப் பொருந்துவது மற்றொன்று, வேங்கடரமணா வழக்கு. மாவட்ட முன்சீப் பதவி 83-ஐ ஆறு பிரிவுகளுக்குப் பங்கிட்டது அங்கே கேள்விக்குள்ளானது. அரிசனங்களுக்கும் பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கும் ஒதுக்கியது செல்லும், மற்றவர்களுக்குப் பிரித்தது செல்லாது என்றது நீதிமன்றம்.

இன்றைய சுற்று 200 இடங்கள் கொண்டது. பொதுப்போட்டி 62, பிற்படுத்தப்பட்டோர் 53, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 7, மிகப் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 40, ஆதிதிராவிடர் 30, அருந்ததியர் 6, பழங்குடியினர் 2. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் 30 விழுக்காடு பெண்களுக்கு. தகுதியான பெண்கள் கிடைக்காவிட்டால் அந்த இடம் அதே பிரிவின் ஆண்களுக்குப் போகும். ‘பொது’ என்பது முன்னேறிய சாதிகளின் பங்கு என்று நினைப்பவர் இன்னமும் நிறையப் பேர். அது யாருக்கும் உரிய பங்கல்ல. எந்தச் சாதியானாலும் மதிப்பெண்ணில் முன்னே நிற்பவருக்கு உரியது.

முறையின் உயிர் அலுவலகத்தில் இருக்கும் இனச்சுழற்சிப் பதிவேட்டில் இருக்கிறது. சென்ற நியமனம் வரிசையில் எந்த எண்ணில் நின்றதோ, அடுத்தது அதற்கு மறு எண்ணில் தொடங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து தொடங்கக் கூடாது. தொடங்கினால் வரிசையின் பின்பகுதியில் வரும் பிரிவுகளுக்கு முறையே வராது. 200-இல் இரண்டே இடம் உள்ள பழங்குடியினர்தான் முதலில் அடிபடுவார்கள். ஒற்றை இடத்துக்கான அறிவிப்பில் ‘பிற்படுத்தப்பட்டோர் (முஸ்லிம் அல்லாதோர்), பெண், முன்னுரிமையற்றவர்’ என்று இருக்கும். அந்த ஒரு வரி பதிவேட்டின் ஒரு கட்டத்திலிருந்து எடுத்தது. மற்றவர் எவ்வளவு தகுதி பெற்றிருந்தாலும் அந்த முறை விண்ணப்பிக்க முடியாது. விளம்பரத்தைப் பார்த்துப் புலம்புகிறவர்கள் பலர். பதிவேட்டைக் காட்டுங்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பவர்கள் சிலரே.

சுழற்சி யாரை எடுப்பது என்பதோடு முடிய வேண்டியது. தமிழ்நாட்டில் அது பணிமூப்பையும் தீர்மானித்து வந்தது: தேர்வில் மேலே நின்றவர், சுழற்சி எண் பின்னால் இருந்ததால் பணியில் இளையவர் ஆனார். 2016-ஆம் ஆண்டின் பணி நிபந்தனைகள் சட்டம் இதற்குச் சட்ட வடிவமே தந்தது. அந்தப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 நவம்பரில் ரத்து செய்தது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் வழியாக வந்தவர்களின் மூப்புப் பட்டியல்களை மதிப்பெண் வரிசைப்படி திரும்ப எழுத வேண்டியதாயிற்று.