மலைக்காக வளைத்த குழாய்

ஜீப்புக்கு ஹெடர், அதாவது என்ஜின் புகையை வெளியேற்றும் வளைத்த குழாய்த் தொகுதி, பூட்டுவதை இன்றைய பிள்ளைகள் நேற்று வந்த மோஸ்தர் என்று நினைக்கிறார்கள். கண்டி மஹய்யாவவில் நான் தொழில் பழகிய கராஜில் அந்த வேலை எழுபதுகளிலேயே நடந்தது. பந்தய ஆசையால் யாரும் அதைத் தொடங்கவில்லை. தட்டுப்பாடும் மேட்டுப்பாதையும்தான் எங்களுக்கு அதைக் கற்றுத்தந்தன.

ஜீப் இங்கே வந்த கதை அதற்கும் முந்தியது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். ராணுவ ஜீப்புகள் கண்டித் தெருக்களுக்குப் பழக்கமானது அந்த நாட்களில்தான். 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் அறிமுகமானது. சில வருஷங்களிலேயே தோட்டத்துத் துரைமாருக்கு அது இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. மஹய்யாவ இருப்பது கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை, மாத்தளைப் பக்கம் போகும் பாதையில். நக்கிள்ஸ் மலையின் மாத்தளைப் பக்கத் தோட்ட வண்டிகள் பழுதானால் எங்கள் வாசலைத் தாண்டித்தான் கண்டிக்குள் வரவேண்டும்.

என் தகப்பனார் மாநகர சபைத் தொழிலாளி. நகரைச் சுத்தம் செய்ய வெள்ளைக்காரர் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவந்த சனங்களின் வழி நாங்கள். எங்கள் பிள்ளைகளுக்கும் துடைப்பம்தான் என்று ஊர் முடிவு செய்திருந்த காலத்தில், ஒரு சிங்கள பாஸ் என்னைக் கராஜுக்குள் கூப்பிட்டு வெல்டிங் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். அந்த உபகாரத்தை நான் மறந்ததில்லை.

1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதி இறுகிக் கிடந்தது. லேண்ட் ரோவரின் புகையை வெளியேற்றும் வார்ப்பிரும்பு மெனிபோல்ட் வெடித்தால் புதியது கிடைக்காது. அது வெடிப்பதற்கோ காரணம் தேட வேண்டியதில்லை. ஹுன்னஸ்கிரியவிலிருந்து லூல்வத்தை வழியாக மீமுரைக்கு இறங்கி ஏறும் பாதையில் வண்டி முதல் கியரிலேயே முனகும். மெனிபோல்ட் பழுக்கக் காய்ந்திருக்கும்போதே குறுக்கே ஓர் ஓடை வரும், தண்ணீர் தெறிக்கும். வெடித்த வார்ப்பிரும்பை ஒட்டினால் ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி விரியும். இரண்டு மூன்று முறை ஒட்டிச் சலித்த பிறகு பாஸ் சொன்னார்: "தம்பி, இதை விடு. நாமே குழாயில் செய்வோம்."

குழாயை அப்படியே வளைத்தால் நசுங்கும். காய்ந்த மணலை இறுக்கி நிரப்பி, இரண்டு வாயிலும் மரக்கட்டை அடித்து, கேஸ் நெருப்பில் சிவக்கக் காய்ச்சி மெதுவாக வளைப்போம். குழாயை என்ஜினோடு பொருத்தும் பிளாஞ்சைக் கனத்த தகட்டில் வெட்டுவோம். அதைத் தனியாக வைத்து ஒட்டினால் சூட்டில் முறுகிவிடும், கேஸ்கட் எத்தனை மாற்றினாலும் புகை கசியும். அதனால் ஒதுக்கிப்போட்ட பழைய சிலிண்டர் ஹெட் ஒன்றில் அதை முடுக்கி வைத்து ஒட்டி, முழுக்க ஆறிய பிறகுதான் கழற்றுவோம். அவசரப்பட்டுக் கழற்றப் போனால் பாஸ் கையைத் தட்டிவிடுவார்.

நான்கு குழாயையும் ஒரே இடத்தில் சேர்ப்பது சுலபம். வேகமாகச் சுற்றும் பந்தய என்ஜினுக்கு அது பொருந்தும். மலை ஜீப்புக்கு வேண்டியது குறைந்த சுற்றில் இழுவை. லேண்ட் ரோவரின் நான்கு சிலிண்டரும் 1-3-4-2 என்ற வரிசையில் வெடிக்கின்றன. ஆகவே ஒன்றையும் நான்கையும் ஒரு சோடியாக, இரண்டையும் மூன்றையும் இன்னொரு சோடியாகச் சேர்த்து, கீழே இரண்டு சோடியையும் ஒன்றாக்குவோம். ஒரு சோடிக்குள் இரண்டு வெடிப்புக்கும் நடுவே கிராங்க் ஒரு முழுச்சுற்று சுற்றிவிடும். ஒன்றின் புகை மற்றதை மறிக்காது. குழாய் ஒடுக்கமாகவும் நீளமாகவும் இருக்க வேண்டும். பெருத்த குழாய் போட்டால் சத்தம் கூடும், மேட்டில் இழுவை குறையும். இன்னொரு சிக்கலும் இருந்தது. பெட்ரோல் என்ஜினில் எக்ஸோஸ்ட் மெனிபோல்ட்டின் சூடுதான் மேலே உள்ள இன்டேக்கைக் காயவைக்கும். ஹெடர் போட்டால் அந்தச் சூடு போய்விடும்; நுவரெலியாக் குளிரில் காலையில் என்ஜின் திணறும். அதற்காகக் குழாயின் மேல் ஒரு தகட்டை ஒட்டி இன்டேக்கின் அடியில் சூடு தங்கச் செய்தோம்.

1977க்குப் பிறகு இறக்குமதிக் கதவு திறந்தது. ஜப்பான் வண்டிகள் வந்தன; மிட்சுபிஷியின் 4டிஆர்5 டீசல் ஜீப் மலைநாட்டில் பேர்பெற்றது. பாகங்கள் கடையில் கிடைத்ததும் மணல் நிரப்பிய குழாய்க்கு வேலை குறைந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நின்றது; அந்தத் தடை 2025 வரை நீண்டது. பழைய வண்டிகளைத் தூக்கி நிறுத்த ஆட்கள் பழைய கைகளைத் தேடி வந்தார்கள்.

இப்போது துருப்பிடிக்காத குழாயும் நல்ல வெல்டிங் மெஷினும் இருக்கின்றன. பிள்ளைகள் எங்களைவிட அழகாக ஒட்டுகிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வண்டி எந்த மேட்டில் ஏறப்போகிறது என்று முதலில் விசாரியுங்கள், குழாயின் நீளத்தைப் பிறகு முடிவு செய்யுங்கள். இந்த ஊரின் கதையில் எங்கள் சனம் கூட்டிய தெருக்கள் எழுதப்பட்டிருக்கின்றன. எங்கள் கை வளைத்த இரும்பும் அதில் எழுதப்பட வேண்டும்.